“எனக்கு மன உறுதி இல்ல டீச்சர்” – இந்தப் பொய்யை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். கோபம் வந்தால்தான் யோசிப்போம்.

புத்தாண்டு அன்று காலையில் போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் வரிசையாக அறிவுரை. “காலை நாலு மணிக்கு எழுபவனை உலகம் வணங்கும்.” “21 நாள் செய், பழக்கமாகிவிடும்.” “தினமும் பத்தாயிரம் அடி நட.” “சாக்குச் சொல்பவன் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.” இதில் பாதி என் தம்பி மகன் அனுப்பியது. “அத்தை, இதை உங்க ஸ்டூடண்ட்ஸ் குரூப்லயும் போடுங்க” என்று கூடவே ஒரு குறிப்பு.

நான் போடவில்லை. ஆனால் வேறு யாரோ அங்கே போட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு மாணவன் வீட்டுக்கு வந்தான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். 1994-இல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். சர்க்கரை வந்திருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னார், போனைக் குறைக்கச் சொன்னார், மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது கற்றுக்கொள்ளச் சொன்னார். நாலு நாள் நடந்தான். ஐந்தாம் நாள் நைட் ஷிஃப்ட் தொடங்கியது, நின்றுபோயிற்று. குரூப்பில் கூடப் படித்தவர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள்.

காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி சொன்னான்: “எனக்கு மன உறுதி இல்ல டீச்சர்.”

நாற்பது வயதைத் தாண்டிய மனிதன். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான், அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கிறான், வாராவாரம் தூக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறான். இவனுக்கா மன உறுதி இல்லை? இவனை இப்படிச் சொல்ல வைத்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னால் என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1991 என்று ஞாபகம். ஒரு பையன் வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருவான். வந்தாலும் முதல் பீரியடிலேயே தூங்கி வழிவான். “காலையில் எழுந்திருக்கும் நல்ல பழக்கம் இல்லாதவன் வாழ்க்கையில் உருப்பட மாட்டான்” என்று வகுப்பு முன்னால் சொல்லி முட்டிபோட வைத்தேன். ஒரு மாதம் கழித்து அவன் அம்மா வந்து சொன்னார்: விடியற்காலை மூன்று மணிக்கு அவன் காசிமேட்டுக்குப் போய் ஐஸ் கூடை தூக்குகிறான். என்னைவிட இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்த பிள்ளையைத்தான் சோம்பேறி என்று முட்டிபோட வைத்திருக்கிறேன். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் டீச்சர்கள் கேட்பதில்லை. இப்போது கேட்கிறேன். எங்கே இருக்கிறாய் என்று தெரியாது. இதைப் படித்தால் மன்னித்துவிடு.

நாலு மணிக்கு எழுபவனை உலகம் வணங்கும் என்றால், காசிமேட்டில் ஏலம் கூறும் நேரத்துக்கு அன்னக்கூடையோடு நிற்கும் பெண்களை உலகம் எப்போதோ வணங்கியிருக்க வேண்டும். நான் பார்த்த வரையில் போலீஸ்காரர் கூட அவர்களை “ஏய், ஓரமா போ” என்றுதான் சொல்கிறார்.

சரி, இந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். அவர் சொன்னது “குறைந்தது”. அந்தச் சொல்லை விட்டுவிட்டு மற்றதை மட்டும் உலகம் தூக்கிக்கொண்டது. கண்ணாடியில் மூக்கைப் பார்த்துப் பழகுவதும், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போவதும் ஒன்றா?

பின்னாளில் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து உண்மையாகவே அளந்து பார்த்தார்கள். ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆனால் ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் இதை ஏன் அனுப்புவதில்லை? “உனக்கு எட்டு மாதம் கூட ஆகலாம், பரவாயில்லை” என்று சொன்னால் யாரையும் மட்டம் தட்ட முடியாதே!

பத்தாயிரம் அடியும் அப்படித்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சி மோகம் வந்தபோது, அடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்பதற்காக அதற்கு “பத்தாயிரம் அடி மீட்டர்” என்று பெயர் வைத்தார்கள். வியாபாரப் பெயர் வைத்தியமாகிவிட்டது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆராய்ந்தபோது, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே நல்ல பலன் தெரிந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. என் வயதுத் தோழிகளே, முட்டிவலியோடு கையில் வாட்ச் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது தார்ன்டைக்கின் கற்றல் விதிகளை மனப்பாடம் செய்தோம். ஆயத்த விதி, பயிற்சி விதி, விளைவு விதி. திரும்பத் திரும்பச் செய்தால் பதிந்துவிடும் என்பது பயிற்சி விதி. அதை நம்பித்தான் 36 வருடம் இம்போசிஷன் கொடுத்தேன். ஆனால் வெறுமனே திரும்பச் செய்வது மட்டும் போதாது என்று தார்ன்டைக்கே பிற்காலத்தில் தன் விதியைத் திருத்திக்கொண்டார். செய்வதில் ஒரு சந்தோஷம் கிடைக்க வேண்டும், அப்போதுதான் நிற்கும். விதியை எழுதியவரே திருத்திக்கொண்டார். எங்கள் பாடப்புத்தகமும் நானும்தான் திருந்தவில்லை.

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் ரொம்ப ஒழுங்கானவள் என்று உங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கும் இருந்தது. ஐந்து மணிக்கு எழுவேன், ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன், ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்துவிடுவேன். 2019 மே 31-ஆம் தேதி சால்வை போட்டு அனுப்பிவைத்தார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று நான் எட்டரைக்கு எழுந்தேன். அடுத்த ஒரு வருடத்தில் சீரியல், போன், பகல் தூக்கம், பத்து கிலோ எடை. கோலப் புத்தகம் வாங்கினேன், நாலு பக்கம். ஹிந்தி கற்க ஆப் போட்டேன், ஆறு நாள். டைரி எழுதத் தொடங்கினேன், ஜனவரி 11 வரைக்கும்.

அப்போதுதான் புரிந்தது. அந்த ஒழுங்கு என்னுடையது இல்லை. அது பள்ளி மணியுடையது. எட்டே முக்காலுக்கு நான் வரவில்லை என்றால் ஹெச்.எம். கேட்பார். நாற்பது பிள்ளைகள் வாசலைப் பார்ப்பார்கள். அந்த நாற்பது ஜோடிக் கண்கள்தான் என் மன உறுதி.

அதனால்தான் என் மாணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “நீ நடக்கப் போகலன்னா யாருக்குடா தெரியும்?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாருக்கும் தெரியாது டீச்சர்” என்றான்.

கோளாறு அங்கேதான் இருக்கிறது, அவன் மனசில் இல்லை.

“அப்படியென்றால் சூழ்நிலைமேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாமா?” என்று தம்பி மகன் கேட்பான். உட்காரச் சொல்லவில்லை. முதலில் சூழ்நிலையைக் கண் திறந்து பார் என்கிறேன்.

திருவொற்றியூரில் எங்கே நடப்பது? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே மணல் இருந்தது. கடல் அரித்து அரித்து, இப்போது கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். கல்லுக்கு இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலை, அதில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். அந்த லாரி ஓட்டுகிறவர்களிலும் என் மாணவர்கள் உண்டு, மணிக்கணக்கில் ஸ்டியரிங் பின்னால் காத்துக் கிடக்கிறார்கள். மணலியை 2009-இலேயே நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்த்துவிட்டது. “அதிகாலைக் காற்றை ஆழமாக இழுத்து விடுங்கள்” என்று யோகா வீடியோவில் சொல்கிறார்கள். எந்த ஊர்க் காற்றை?

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது. வலையும் படகும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினார்கள். அதன் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பந்தல் போட்டு, வேலையை முடித்துவிட்டு வந்து வந்து, மாதக்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 21 நாள் இல்லை, மாதக்கணக்கில். இவர்களுக்கு விடாமுயற்சியைப் பற்றி யாராவது ஃபார்வர்டு அனுப்பப் போகிறீர்களா?

அடுத்த வாதமும் எனக்குத் தெரியும். “ஏழ்மையில் இருந்து வந்தவர்கள் ஜெயிக்கவில்லையா? புதுவண்ணாரப்பேட்டை காசிமாவைப் பாருங்கள்!”

நன்றாகப் பாருங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய பெண். அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த அப்பாவே நம் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுப்பவர் என்பதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? 2008-இல் பிரான்சில் உலகச் சாம்பியன் ஆன வியாசர்பாடி இளவழகியின் அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். அவருக்கும் கேரம் அப்பா வழியாகத்தான் வந்தது. அவர்களுக்கு முன்னால் நம் சென்னையின் மரிய இருதயம் இருந்தார். இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-இல் அர்ஜுனா விருது. ஊரில் தெருவுக்குத் தெரு போர்டு இருந்தது, சுற்றி நின்று பார்க்க ஆள் இருந்தது. அதில் இருந்துதான் உலகச் சாம்பியன்கள் வந்தார்கள். பாக்ஸிங் பரம்பரைகளும் அப்படித்தான், வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துக் கால்பந்தும் அப்படித்தான். காசிமா தனியாக அலாரம் வைத்து எழுந்து சாதித்த கதை இல்லை இது. கை நீட்டும் தூரத்தில் ஒரு பலகையும், “இன்னைக்கு ஏன் வரல?” என்று கேட்க ஒரு ஆளும் இருந்த கதை.

படிக்கும் பழக்கமும் அப்படித்தான் வந்தது. என் அப்பா ஐந்தாவதோடு நின்றவர். தினமும் பேப்பர் படிப்பார். மன உறுதியால் இல்லை. சலூனில் பேப்பர் கிடந்தது, டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் மறுத்துப் பேசுவார்கள். போகாவிட்டால் மறுநாள் அரட்டையில் இவர் ஊமை. “இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை” என்று புலம்புகிறவர்களே, உங்கள் தெருவில் பள்ளி விட்ட பிறகு ஒரு பிள்ளை உட்கார்ந்து படிக்க எத்தனை நாற்காலி இருக்கிறது?

அடுத்தது நேரம். சிங்காரவேலர் 1923 மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். மே தினத்தின் கோரிக்கையே எட்டு மணி நேர வேலைதான். அதற்கும் நூறு வருடம் முன்னால் இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் நாளை மூன்றாகப் பிரித்தார்: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீதி எட்டு மணி நேரம் மனமகிழ்வுக்கு. பொழுதுபோக்கு என்பது பணக்காரர் சமாச்சாரம் இல்லை, தொழிலாளி கேட்டு வாங்கிய பங்கு என்பதை மறந்துவிட்டோம். சிங்காரவேலர் கொடி ஏற்றிய நூறாவது வருடத்தில், 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கான்ட்ராக்ட் வேலையில் ஓவர்டைம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என் மாணவர்களுக்கு எந்த மசோதாவும் தேவைப்படவில்லை. அவர்களிடம் போய் “கிடார் கற்றுக்கொள்” என்று சொல்லும் முன் அந்த நாலு மணி நேரத்தை வாங்கிக் கொடுங்கள்.

வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். “உங்க ஹாபி என்னம்மா?” என்றால் குற்றம் செய்தவள் மாதிரி “சீரியல் பார்ப்பேன்” என்கிறாள். நம் சொந்தத்திலேயே ஒரு மருமகள் தையல் வகுப்பில் சேர்ந்தாள். “எவ்வளவு சம்பாதிப்ப?” என்று கேட்டுக் கேட்டே நிறுத்திவிட்டோம். ஆமாம், நிறுத்தினோம். நானும்தான் கேட்டேன். சம்பாதிக்காத எதையும் பெண் செய்யக் கூடாது, சம்பாதித்தால் அதற்குப் பெயர் வேலை. அப்புறம் அவளுக்கு ஹாபி எப்படி வரும்?

நான் எப்படித் தேறினேன் என்று கேட்பீர்கள். 62 வயதில் கேரம் ஆட ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள்.

மாடி வீட்டு அம்மா பேரனுக்கு வாங்கிய போர்டு கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு நாள் மின்சாரம் போனபோது எடுத்துப் போட்டோம். மறுநாள் நாலரை மணிக்கு அவரே, “டீச்சர், வரீங்களா?” என்று குரல் கொடுத்தார். இப்போது நாங்கள் நாலு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற நர்ஸ், ஒருவர் இன்னும் மீன் விற்கிறவர். அவர் வந்தால் சிகப்பு அவருக்குத்தான், ஃபாலோவும் தவறாது. எனக்கு இன்னும் கை நடுங்குகிறது, ஸ்ட்ரைக்கரைப் பாக்கெட்டில் தள்ளிவிட்டு ஃபைன் வைக்கிறேன். போரிக் பவுடர் என் புடவையில்தான் அதிகம்.

ஆனால் நாலரை மணிக்கு நான் போகாவிட்டால் ஐந்து மணிக்குள் போன் வரும். மூன்று பேரை வைத்து ஜோடி ஆட்டம் ஆட முடியாதே. அந்த ஒரு போனுக்காகப் பகல் தூக்கம் போயிற்று. பகல் தூக்கம் போனதால் ராத்திரி தூக்கம் வந்தது, அதனால் காலையில் எழுகிறேன், எழுவதால் வெயிலுக்கு முன் கோயில் மாட வீதியில் ஒரு சுற்று நடக்கிறேன். நடைப்பயிற்சி என்று நினைத்துத் தொடங்கியதே இல்லை. மூன்று வருடம் போராடியும் என் மன உறுதியால் முடியாததை ஒரு பலகையும் மூன்று பெண்களும் செய்துவிட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

கவுன்சிலரிடம், எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கும் என் மாணவர்களே, சாக்கடையோடும் தெருவிளக்கோடும் இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள்: ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும் ஒரு படிப்பகம், பூட்டுப் போடாத ஒரு மைதானம், பெண்கள் தயங்காமல் உட்கார ஒரு இடம். அது ஆடம்பரம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை தருவதைவிட மலிவு.

சொந்தங்களே, அந்த மருமகளிடம் வருமானத்தைக் கேட்காதீர்கள். “நாளைக்கு வகுப்பு இருக்கே, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன். இன்னும் நம்பாமல்தான் பார்க்கிறாள்.

தம்பி மகனே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் அபார்ட்மெண்டில் ஜிம் இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது, ஒன்பது மணிக்கு லாக்-இன். உனக்கு வேலை செய்கிற அறிவுரை உனக்கு உண்மைதான். இனி ஒரு ஃபார்வர்டு அனுப்பத் தோன்றினால், அனுப்பாமல் அந்த ஆளுக்குப் போன் போட்டு, “நானும் வரேன், எத்தனை மணிக்கு?” என்று கேள்.

வீட்டுக்கு வந்த மாணவன் இப்போது என்ன செய்கிறான்? அவன் ஷிஃப்ட்டிலேயே சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஷேர் ஆட்டோவில் ஒன்றாகத்தான் வருகிறார்கள். மூன்று பேரும் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி, உள் தெரு வழியாக நடந்து வீடு போகிறார்கள். எந்த ஷிஃப்ட்டாக இருந்தாலும் வீடு திரும்பித்தானே ஆகவேண்டும்? மூன்று வாரம் ஆகிறது. நடுவில் நாலு நாள் விட்டுப்போயிற்றாம். “பரவாயில்லையா டீச்சர்?” என்று பயந்துகொண்டே கேட்டான்.

பரவாயில்லைடா. அந்த 96 பேரிலும் விட்டவர்கள் உண்டு.

உங்கள் தெருவில் யார் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். “அருமை டீச்சர்”, “சூப்பர் அத்தை” எல்லாம் வேண்டாம். யாரை, எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள்.

மணி நாலு இருபது. மாடியில் குரல் கேட்கிறது. வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவொற்றியூர்.